திரை இல்லாத கட்டில்

அம்மா கிரேன் ஓட்டினாள். இரும்புத் தகடு உருட்டும் ஆலையில், கூரையை ஒட்டி ஓடும் கிரேன். இருபத்தாறு வருடம். கேபினுக்கு ஏறும் ஏணியில் அறுபத்திரண்டு படி. கீழே நின்று கையசைத்து வழிகாட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மேலிடம்'. லீவு கேட்டு வருபவனிடம்கூட, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்பார்களாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை நடுவே கழிப்பறைக்கு இறங்கினால் மொத்தப் பிரிவும் நிற்கும். எதற்கு இறங்குகிறாள் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் விடிந்த பிறகு தண்ணீரைத் தொடமாட்டாள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நின்றவாக்கில் இரண்டு சொம்பு குடிப்பாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பின்னால் அது உதவவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவைக்கு நாள் குறிக்கும்வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். பெண்கள் வார்டு, முப்பது கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே திரை மாட்டும் கம்பி இருந்தது. திரை இல்லை. துவைக்கப் போயிருக்கிறது என்றார்கள். முதல் நாளும் அதையே சொன்னார்கள், கடைசி நாளும் அதையே.

நான் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பட்டியல் தொங்கியது: உள்ளே போன நீர், வெளியே வந்த நீர். மூன்றாம் நாள் வெளியே வந்தது முந்நூறு மில்லி. சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம், சிறுநீர்ப் பாதையில் டியூப் போட்டால் அளவு துல்லியமாகத் தெரியும் என்றார் இளம் டாக்டர். துல்லியம் என்றால் எனக்குப் பிடிக்கும். கையெழுத்துப் போட்டேன். உள்ளே போனது என்ற பத்தியில் சிஸ்டர் எழுதியிருந்தது நான் வாங்கி வைத்த பாட்டிலின் கொள்ளளவு. அதை யாரும் அளக்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பட்டப்பகலில், திரையில்லாமல் போட்டார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். சாப்பாட்டு வண்டிக்காரரை அனுப்பவில்லை. திரும்பி வந்தபோது அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"இன்னும் ஏதாச்சும் கையெழுத்து பாக்கி இருக்கா?" என்றாள்.

மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர் என்னைச் சைகை காட்டி அழைத்தார். கணக்கு டீச்சராக இருந்தவர்.

"தம்பி, உங்கம்மா தண்ணியை வாயில வைக்கறதே இல்ல. பாட்டில்ல இருக்கறதை என் சொம்புல ஊத்திடறாங்க. இத்தனை பேருக்கு நடுவுல பெட்பேன் கேக்கணுமேன்னு."

சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை. டியூபை எடுக்கச் சொன்னேன். அதற்கு டாக்டர் எழுத வேண்டும், அவர் நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். போடும்போது யாரும் நாளை என்று சொல்லவில்லை. எடுத்த அன்று துணி வாங்கி, வளையம் தைத்து, கம்பியில் மாட்டினேன். மதியத்துக்குள் வார்டு மேற்பார்வையாளர் கழற்றிவிட்டார். அனுமதியில்லாத துணி கிருமி பரப்புமாம். அனுமதியுள்ள துணி எங்கே என்று கேட்டேன். துவைக்கப் போயிருக்கிறதாம்.

அப்புறம் நானே போர்வையைத் தூக்கிப் பிடித்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஆயா உள்ளே பெட்பேன் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் ஏழு மாணவர்களோடு வந்து சேர்ந்தார்.

"தள்ளுங்க. நாங்க பாக்காததா?"

"நீங்க எத்தனையோ பேரைப் பாத்திருப்பீங்க சார். எங்கம்மா யாருக்கும் காட்டினதில்ல."

ஒரு மாணவி தரையைப் பார்த்தாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். போர்வைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "கொஞ்சம் மேல. இன்னும். நிறுத்து." ஆலையில் கீழே நின்றவர்கள் அவளுக்குக் கையசைத்துச் சொன்ன அதே வரிசை. அன்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். பதினோராம் நாள் காலையில் போய்விட்டாள். டியூப் வழியாக வந்த கிருமியா என்று கேட்டேன். அப்படித் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

அவளை ஸ்ட்ரெச்சரில் லிஃப்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூடியிருந்த துணி முழங்கால்வரைதான் இருந்தது. இழுத்தால் மார்பு திறந்தது. இன்னொரு போர்வை கேட்டேன்.

"போனவங்களுக்கு என்ன தம்பி தெரியப் போகுது? லிஃப்ட்டை விடுங்க" என்றார் தள்ளியவர்.

வாசலில் காலை வைத்தேன். கதவு காலில் மோதித் திறந்தது, மறுபடி மோதியது. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். உங்கப்பன் வீட்டு லிஃப்ட்டா என்று ஒருவர் கேட்டார். நான் காலை எடுக்கவில்லை. போர்வை வரப் பதினாலு நிமிடம் ஆயிற்று. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்களாம்.