அத்தை கிள்ளிய மொக்குகள்

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். மாசி மாதத்தில் ஒருநாள் அத்தை ஒற்றைத் துணிப்பையோடு பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நைனாவின் ஒரே தங்கை, தடாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வந்த மறுநாளே, குழாயடியில் கவனிப்பாரில்லாமல் கிடந்த குண்டுமல்லிப் புதரை ஒட்ட வெட்டி, மண்ணைக் கொத்தி, எரு வைத்தாள்.

அந்த ஞாயிறு மாமா அவளைக் கூட்டிப்போக வந்தார். அவருடைய பைக் சத்தம் கேட்டதும் அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு மாமாவைப் பிடிக்கும். ஜாங்கிரி வாங்கி வருவார்.

"இப்பதான் செடிய வெட்டி வுட்டுக்கிறேன். மொதப் பூவ அம்மனுக்குப் போட்டுட்டு வரேன்" என்றாள் அத்தை.

சாமி காரியம், மாமாவால் மறுக்க முடியவில்லை. "பூத்ததும் நானே கொண்ணாந்து வுட்றேன் மாப்ள" என்று நைனாவும் வாக்குக் கொடுத்தார். அத்தையிடம் தினமும், "அனுசரிச்சிப் போம்மா" என்று சொல்லிக்கொண்டும் இருந்தார்.

உகாதிக்கு ஊரே மல்லி மணத்தது. எங்கள் புதர் மட்டும் தழைத்ததே தவிர ஒரு பூ விடவில்லை. எனக்கு அவமானமாகப் போயிற்று. அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு என்று கிடைத்ததையெல்லாம் அதன் காலடியில் கொட்டினேன்.

ஒரு காலையில் பல் துலக்கப் போனபோது அத்தை செடியருகே குந்தியிருந்தாள். மிளகளவு மொக்குகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை கிள்ற?"

"கிள்ளி வுட்டா நல்லா கெளைக்கும் கண்ணு."

சாமந்திக்குக் கொழுந்து கிள்ளுவதைக் கொல்லையில் பார்த்திருக்கிறேன். நம்பினேன்.

அடுத்த ஞாயிறு மாமா செடியைப் பார்த்து, "இன்னுமா பூக்கல?" என்று சலித்துக்கொண்டார். அத்தைக்கு நல்ல பெயர் வாங்கித் தர நினைத்து நான் முந்திக்கொண்டேன். "பூக்கும் மாமா. அத்ததான் டெய்லி மொக்கக் கிள்ளிக்கினு கீது. நல்லா கெளைக்கணும்னு."

அத்தை தலை கவிழ்ந்து நின்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளருகில் நின்றுகொண்டாள்.

"கெளம்பு" என்றார் மாமா.

நைனா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயே கிள்ளிக்கினு இருந்தியாம்மா?"

அத்தை தலையாட்டினாள்.

"நீ போய்னு வா மாப்ள" என்றார் நைனா. "அது இங்கியே இருக்கட்டும்."

மாமா அப்புறம் வரவில்லை. ஜாங்கிரியும் நின்றுபோயிற்று.

சித்திரையில் புதர் இலை தெரியாமல் பூத்தது. முதல் சரத்தை அத்தை அம்மனுக்குப் போட்டாள், அடுத்ததை என் தலையில் வைத்தாள். இனி ஊருக்குப் போய்விடுவாளே என்று அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் பையை எடுக்கவேயில்லை; நைனாவும் கொண்டுபோய் விடுகிற பேச்சையே எடுக்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, நானும் நினைவுபடுத்தாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.