தார்ப்பாய்த் தையலில் ஒரு வெள்ளைச் சட்டை

என் சட்டைகளை இன்றும் நான் வீட்டிலேயே தைத்துக்கொள்கிறேன். அந்தமானின் மாயாபந்தர் பஜாரில் ரெடிமேட் சட்டைகள் குவிந்து கிடக்கும் இந்நாளில் அது வேண்டாத உழைப்பே. ஆயினும் வெள்ளைத் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடிடும்போதெல்லாம், நானும் மனைவியுமாகத் தைத்த முதல் சட்டை நினைவுக்கு வந்துவிடுகிறது.

அக்காலத்தில் நான் படகுத்துறையில் சரக்குகளை மூடும் தார்ப்பாய்களைத் தைக்கும் பணியில் இருந்தேன். என் மனைவி மதுரைப் பக்கத்திலிருந்து இங்குள்ள மருத்துவமனைக்கு நர்ஸாக வந்தவள். தீவிலேயே பிறந்து வளர்ந்த என்னை அவள் மணந்துகொண்டதை அவளுடைய தந்தை ஏற்கவில்லை. ஆண்டுகள் சில கடந்தும் மகளோடு அவர் ஒரு சொல் பேசியதில்லை. அத்தகையவர் கப்பலேறி வருவதாக உறவினர் வழியே செய்தி வந்தது. எண்ணெய்க் கறை படிந்த காக்கியில் தம் மருமகனை அவர் காணலாகாது என்று அவள் முடிவு செய்தாள். துணி வாங்கினோம். துர்கா பூஜை நெருங்கிவிட்டதால் பஜார் தையற்காரரோ அதை வாங்கிக்கொள்ளவே மறுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணி தம் தையல் மிஷினைத் தந்து உதவினார். என் பழைய சட்டையொன்றைப் பிரித்துத் துணியின்மேல் பரப்பி, தையலுக்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டு மனைவி வெட்டினாள். காலரையும் கைகளையும் அவளே பொருத்தினாள். பக்கத் தையலை மட்டும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குச் சென்றாள்.

எனக்குத் தெரிந்த தையல் ஒன்றே. இரு விளிம்புகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக ஆழ மடித்து, நீர் புகாதபடி நெருக்கமாக இரட்டை ஓட்டம் ஓட்டினேன். வேலை வெகு நேர்த்தியாக அமைந்ததென்றே எண்ணினேன்.

மாலையில் அவள் அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பொத்தான்களை மாட்ட நான் மூச்சை அடக்க வேண்டியிருந்தது.

"மழைத் தண்ணி உள்ள போகாதுங்க. நீங்களும் போக முடியாது" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண்கள் கலங்கியிருந்தன. தையலைப் பிரிக்க முயன்றபோது துணியே கிழியத் தொடங்கியது. வேறு துணியும் இல்லை. விடிந்தால் அவர் வந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தாதா, ஹாத் ஊப்பர் மத் கர்னா" என்று அண்ணனிடம் சொல்வதுபோல இந்தியில் எச்சரித்தார். கையை மேலே தூக்காமல் எப்படி ஒருவரை வரவேற்பது என்று நான் கேட்டதற்கு, "கும்பிட்டா போதும், பேசாம நில்லுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் போர்ட் பிளேரிலிருந்து வந்த படகிலிருந்து மாமனார் இறங்கினார். மகளைப் பார்த்தார், பின்னர் கடலைப் பார்த்தார். அவளும் கடலையே பார்த்தாள். அதைத் தாங்க மாட்டாமல், படகின் விளிம்பில் இருந்த அவருடைய தகரப் பெட்டியை எட்டித் தூக்கித் தோளில் ஏற்றினேன். தையல் சிறிதும் பிரியவில்லை. நெஞ்சுப் பொத்தான்தான் தெறித்து அவர் காலடியில் விழுந்தது.

அவர் மெல்லக் குனிந்து அதை எடுத்தார். வேட்டியில் துடைத்து மகளிடம் நீட்டினார்.

"வீட்டுல ஊசி நூல் இருக்கா தாயி?"

"இருக்குப்பா."

அவள் பொத்தானை வாங்கவில்லை; அவர் கையையே பற்றிக்கொண்டாள். பெட்டியை இறக்கினால் அடுத்த பொத்தானும் போய்விடுமென்று அஞ்சி, அதைச் சுமந்தபடியே நான் நின்றிருந்தேன்.