மாடுகள் வருமுன் முடிந்த ஆட்டம்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தில் துரைமாருக்குப் பை தூக்கியவர். தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழாம் ஆண்டுக் குழப்பத்துக்குப் பிறகு, தேயிலைத் தோட்டங்களை விட்டு நாங்கள் எல்லோரும் கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடிசை போட்டபோது, மற்றவர்கள் சட்டி பானையும் சாமிப்படமும் கொண்டுவந்தார்கள். மாமா அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார்.

அரிவி வெட்டி நெல் எடுத்து முடிந்த வயலில் தூரம் தூரமாக ஆறு வெறும் பால்பேணித் தகரங்களை வாய் மேலே தெரியப் புதைப்பார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொடியாகக் கிழிந்த சாரத் துணி கட்டிய ஒரு தடி. நுனி வளைந்த கிளையை வெட்டிச் சீவினால் அதுதான் மட்டை. ரப்பர் பந்தை அடித்துக்கொண்டே போய் ஒவ்வொரு பேணியிலும் விழுத்த வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றவர்கள். அவர்களுடைய வயல்களில்தான் எங்கள் பெரியவர்கள் கூலிக்குப் போனார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தாலும் பின்னேரங்களில் அந்தப் பிள்ளைகள் எங்களோடு சேர்ந்ததில்லை. மாமாவின் பந்து உருளத் தொடங்கிய பிறகு ஒவ்வொருவராக வாய்க்காலைத் தாண்டி வந்தார்கள்.

உடனே மாமாவுக்குப் போட்டி வைக்கும் ஆசை வந்துவிட்டது. அம்மா வேலை செய்த வயல்காரர் ஒரு நாளைக்குத் தன் வயலைக் கொடுத்தார். பின்னேரம் எருவுக்காக அங்கே மாடுகளைப் பட்டி அடைப்பார். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

முடியவில்லை. பிழை மாமாவுடையது. பந்தை எப்படி அடிப்பது என்று காட்டித்தந்தவர், துரைமார் அடிக்குமுன் என்னென்ன செய்வார்கள் என்பதையும் நடித்துக் காட்டியிருந்தார். எங்களுக்கு அடியைவிட நடிப்புத்தான் பிடித்துப்போனது. ஒவ்வொருவரும் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார்கள். குந்தியிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். எழுந்து, மட்டையைச் சும்மா வீசிப் பார்த்துவிட்டு, மறுபடியும் குந்தினார்கள். மூன்றாம் பேணியில் நாங்கள் நின்றபோது மாடுகள் வந்துவிட்டன. கொடிகள் சாய்ந்தன, ஒரு பந்து சாணியில் புதைந்தது, யார் வென்றது என்று இரண்டு பக்கப் பிள்ளைகளும் மண்ணாங்கட்டி எறிந்து சண்டை பிடித்தோம்.

"உங்கட விளையாட்டு முடியிறதுக்கிடையில அடுத்த போகம் விதைச்சிடலாம்" என்றார் வயல்காரர். அடுத்த வருடம் மாமா பலமுறை கெஞ்சிய பிறகுதான், இதுதான் கடைசி என்று சொல்லி வயலைத் தந்தார்.

மாமா புதிய விதிகள் போட்டார். துரைமார் வேலை யாரும் செய்யக் கூடாது. ஒருவர் அடிக்கும்போதே அடுத்தவர் தன் அடியை யோசித்து வைத்துவிட வேண்டும். முறை வந்ததும் அம்மா மூன்று தரம் கை தட்டுவார். அதற்குள் அடிக்காவிட்டால் கணக்கில் ஓர் அடி கூடும். இந்தப் பொறுப்புக்கு ஏன் அம்மா என்று யாரும் கேட்கவில்லை. மாமா பயப்படும் ஒரே ஆள் அம்மாதான்.

நான் அப்போது பன்னிரண்டு வயதுப் பெண். வெல்லப்போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இரண்டாம் பேணிக்கு முன்னால் என் மட்டை பந்தில் பட்ட சத்தமும் அம்மாவின் மூன்றாம் தட்டும் ஒன்றாகக் கேட்டன.

"ஒரு அடி கூட" என்றார் அம்மா.

"நான் அடிச்சிட்டேனேம்மா!"

"பிந்தித்தான் அடிச்ச. நட."

சொந்த அம்மா! நான் அழுதுகொண்டே நடந்தேன், அழுதுகொண்டே அடித்தேன்.

கூட்டம் கூட்டமாகப் பிரிந்து ஆடியதில் என்னோடு வந்தவன் குகன், வயல்காரரின் மகன். நான்காம் பேணியருகே அவன் பந்தைச் சட்டையில் துடைத்தான். குந்தினான். புல்லைக் கிள்ளினான். பின்னால் இரண்டு கூட்டம் காத்து நின்றது. அம்மா ஒரு தரம் தட்டினார். இன்னொரு தரம். மூன்றாம் தட்டு கேட்டும் அவன் எழும்பவில்லை. எல்லோரும் வரப்பைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே குடையோடு வயல்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு அடி கூட" என்றார் அம்மா.

"இது எங்கட வயல்" என்றான் குகன்.

"வயல் ஒங்களுதுதான் தம்பி. நான் இதுல வேலைக்கு வந்தா, சொன்ன நேரத்துல முடிச்சுத் தர்றேன்ல? இன்னைக்கு நீங்க முடிங்க."

மாமா ஓடிவந்து, "விடுக்கா, சின்னப் புள்ளதானே, இந்த ஒரு வாட்டி..." என்று அம்மாவின் காதருகே சொன்னார். அம்மா அசையவில்லை. வயல்காரர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன பிரச்சினை?"

"எம் புள்ளைக்கும் போட்டிருக்கேங்க" என்றார் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். என் மூக்கு இன்னும் வடிந்துகொண்டிருந்தது. வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. மகன் பக்கம் திரும்பினார்.

"அக்கா சொன்னா சொன்னதுதான். கெதியா அடியடா, மாடு வரப்போகுது."

குகன் அடித்தான். அதற்குப் பிறகு யாரும் மூன்றாம் தட்டுவரை காத்திருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஓடி ஓடி வந்தார்கள். கடைசிப் பந்து கடைசிப் பேணிக்குள் விழுந்தபோது, மாடுகளின் மணிச்சத்தம் தூரத்தில்தான் கேட்டது. மாமா தோளில் கிடந்த துவாயை மேலே எறிந்து கூவினார். வாய்க்காலின் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வரப்பில் நின்று கை தட்டினார்கள். நடுவில் அம்மா, சிவந்துபோன உள்ளங்கைகளைச் சேலையில் தேய்த்தபடி நிமிர்ந்து நின்றார். அப்படி நின்ற அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வென்றவள் குகனின் தங்கை. ஒருமுறைகூட நின்று குறி பார்க்காமல், பந்து கிடந்த இடத்தில் வந்த வேகத்திலேயே அடித்துக்கொண்டு போனவள். நான் அவளுக்கு ஓர் அடி பின்னால், இரண்டாமிடம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முறையிட்டேன்.

"மொதல்ல ஒனக்குப் போடலேன்னா, அந்தப் புள்ளைக்குப் போட எனக்கு வாய் வருமாடி?" என்றார் அம்மா. இதில் ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மாமா வேறு உலகத்தில் நடந்துவந்தார். "அக்கான்னு சொன்னாருக்கா. இத்தன வருஷமா 'ஏய், இஞ்ச வா'ன்னு கூப்பிட்ட மனுஷன். அத்தன பேருக்கு முன்னால அக்கான்னு சொன்னாரு." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா தினமும் அம்மாவை அக்கா என்றுதானே கூப்பிடுகிறார்? பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தானே? அதில் பேச என்ன இருக்கிறது? என்னுடைய ஓர் அடியைப் பற்றி யாருக்குமே கவலையில்லை என்று நினைத்து, அவர்களை விட்டு முன்னால் ஓடினேன்.