உரலுக்கடியில் கிடந்த ராஜா

நான் அந்தப் பொய்யைச் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம், அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். கையில் மைக் இருந்தது. முன்வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. பிள்ளைகள் போட்ட நாடகம் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாளையத்து ராஜா ஒருவரைப் பற்றியது. கும்பினிக்கு வரி கட்ட மறுத்துச் சண்டை போட்டு, காட்டில் பிடிபட்டு, தன் கோட்டைக்கு எதிரே இருந்த புளியமரத்திலேயே தூக்கிலிடப்பட்டவர். சின்னப் பாளையம், பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வராது. உடலை யாரும் இறக்கக் கூடாது என்று கும்பினி காவல் போட்டிருந்தது. மூன்றாம் நாள் உடலைக் காணவில்லை. யாரோ எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். யார், எங்கே என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான்.

நாடகம் முடிந்ததும், அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் யாராவது மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசலாமே என்று தொகுப்பாளர் கேட்டார். யாரோ என்னைக் கைகாட்டினார்கள். நான் டெக்சாஸுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எந்த விருந்துக்குப் போனாலும் தட்டோடு சுவரோரம் நிற்கிறவன். பேச்சின் நடுவில் என் பெயரை மறந்துபோய் விழிக்கிற முகங்களைப் பார்த்துப் பழகியிருந்தேன். மேடையேறி ராஜாவின் கதையை ஒழுங்காகத்தான் சொன்னேன். புளியமரம் வரைக்கும் வந்தபோது அரங்கம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்று தோன்றியது.

"அந்த உடலை எடுத்து அடக்கம் பண்ணது என் தாத்தாவோட தாத்தா" என்று சொல்லிவிட்டேன்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றையிலிருந்து யாரும் என் பெயரை மறக்கவில்லை. என்னைவிட மூத்தவர்கள்கூட அண்ணா என்றார்கள். உண்மையில் எங்கள் குடும்பம் அந்த மூன்று நாளும் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கும்.

அந்த விழாவின் வீடியோவை யாரோ இணையத்தில் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் என்னைத் தேடிப்பிடித்தார். ராஜாவைப் பற்றி வருடக்கணக்காகத் தகவல் சேர்த்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்வார். பிறகு ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் என் குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மகள் அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்தாள். கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது அவள் எழுதிய கட்டுரை, ஒரு ராஜாவைப் புதைத்த குடும்பத்தில் பிறந்ததைப் பற்றியது. அனுப்புவதற்கு முன் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். இரண்டு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தேன். வேறெதையும் திருத்தவில்லை.

போன கோடையில், குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி எலும்புகளைக் கிளப்பியது. பழைய கோட்டை மேட்டிலிருந்து கிழக்கே, செத்த மாடுகளைப் புதைக்கிற பொட்டல். கணுக்கால் எலும்பில் இரும்பு வளையம் ஒன்று பூட்டியபடியே இருந்தது. ஆசிரியர் ஓடிப்போய் வேலையை நிறுத்தச் சொன்னார். அதிகாரிகள் வந்தார்கள், எலும்புகளை ஆய்வுக்கு எடுத்துப் போனார்கள். காலம் பொருந்துகிறது என்று சொன்னார்களாம். அது ராஜாதான் என்று உறுதியாகச் சொல்ல மட்டும் ஏதும் இல்லை.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். காலை நேரம், நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, குழிக்கு மேல ஒரு அடையாளம் கெடைச்சிருக்கு. என்னன்னு நான் யாருக்கும் சொல்லலை. உங்க குடும்பத்துல அதைப் பத்திப் பேச்சு இருந்தா சொல்லுங்க. அது பொருந்திட்டா அப்புறம் யாரும் மறுக்க முடியாது."

ஊரில் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்பதற்கு யாரும் இல்லை. வேண்டாம் ஐயா, அது நான் கட்டிய கதை என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அதற்குப் பதில் யாரிடமிருந்து அந்தத் தகவலைக் கறக்கலாம் என்று யோசித்துக்கொண்டே கார் ஓட்டினேன்.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர் ஒரு ஆன்ட்டி ரிச்சர்ட்சனில் இருந்தார். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் கலிஃபோர்னியாவில், குபெர்டினோவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போவார். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஆன்ட்டி ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். எலும்பு கிடைத்த செய்தியைச் சொன்னேன். கையிலிருந்த துண்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நம்ம பக்கத்தில் ராஜாவைப் புதைத்த இடத்தைப் பற்றி வீட்டில் ஏதாவது சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று, ஏதோ சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"உங்க தாத்தாவோட தாத்தா பொதைச்சதை என்கிட்ட எதுக்கு தம்பி கேக்கறீங்க?"

குரலில் கிண்டல் இல்லை. அவர் துண்டை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"எடுத்தது எங்க ஆளுங்க" என்றார்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும், அண்ணன் மனைவியும். ஊரில் பிணம் தூக்குவதும் குழி வெட்டுவதும் அவர்கள் தெருவின் தலையில் கட்டப்பட்ட வேலை. அதனால் அவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கிட்டே வரவும் மாட்டார்கள். காவல்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில் உடலை இறக்கி, செத்த மாட்டை இழுத்துப் போகிற வண்டியில் போட்டுப் பாயால் மூடிக் கொண்டுபோனார்கள். கால் விலங்கை மட்டும் கழற்ற முடியவில்லை. நரி தோண்டாமல் இருக்க மேலே பாரமாக ஏதாவது வைக்க வேண்டும். கல்லை அடுக்கினால் சமாதி என்று தெரிந்துவிடும். அந்தப் பெண் தன் வீட்டு உரலை உருட்டிக்கொண்டு வந்து கவிழ்த்து வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ தூக்கிப்போட்ட உடைந்த உரல்.

"வீட்ல இருந்தது அது ஒண்ணுதான். அப்புறம் சாகற வரைக்கும் அந்தப் பொம்பளை அடுத்த வீட்டு உரல்லதான் கம்பு குத்துனாளாம்."

நான் மேடையில் பேசிய அன்று அவர் அரங்கத்தில் இருந்திருக்கிறார். எல்லோரும் எழுந்து கைதட்டியபோது அவரும் எழுந்து நின்றிருக்கிறார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னன்னு தம்பி சொல்றது? பொதைச்சது நாங்கன்னா, நாங்க யாருன்னும் சொல்லணும்ல. இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு. எந்த ஊருன்னு கேப்பாங்க, அப்புறம் எந்தத் தெருன்னு மெதுவா கேப்பாங்க. நான் பேச்சை மாத்திருவேன். என் பையனுக்கே தெரியாது." மடித்த துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். "எலும்பு கெடைச்சிருச்சுன்னு சொன்னீங்களா, யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. அவ்ளோதான். இது இந்த வீட்டைத் தாண்டக் கூடாது."

தாண்டாது ஆன்ட்டி என்றேன்.

மறுநாள் காலை ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. நேற்று வாக்குக் கொடுத்த அதே வாயால், உரல், கவிழ்த்து வைத்த உரல் என்று சொன்னேன். யோசித்துப் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது.

"ஜேசிபி ஓட்டுனவரையும் என்னையும் தவிர அதை யாரும் பாக்கலை தம்பி. நீங்க சொல்லிட்டீங்க." ராஜாவை மறுபடி அடக்கம் செய்து கல் நடப்போகிறோம், கல்லில் உங்கள் குடும்பத்தின் பெயர் இருக்கும் என்றார்.

சரிங்க ஐயா என்றேன்.

அந்த வார இறுதியில், ஆஸ்டினில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் வீட்டுக்கு வந்தாள். கல் நடும் விழாவுக்குத் தானும் வரப்போவதாகவும், தோழிகளிடம் சொல்லிவிட்டதாகவும் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் சொன்னாள். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எது என்னைத் தள்ளியது என்று தெரியவில்லை. முழுவதையும் அவளிடம் சொன்னேன். ஆன்ட்டி யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் முதலில் தன் கட்டுரையைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அப்பா, யூ டுக் இட் ட்வைஸ்" என்றாள்.

அவர்களுடையதை ஒரு தடவை எடுத்தது போதாதென்று இரண்டாவது தடவையும் எடுத்திருக்கிறேன். நான் அதை அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. அவள் மாடிக்குப் போய்ச் சுவரிலிருந்து அந்தப் புத்தகப் பக்கத்தை உரிப்பது கீழே கேட்டது. அன்றே ஆஸ்டினுக்குத் திரும்பிப் போய்விட்டாள். கட்டுரையைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு ஏதாவது எழுதினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆசிரியரைக் கூப்பிட்டு, நான் சொன்னதெல்லாம் பொய், உரலைப் பற்றிய தகவல் வேறொரு குடும்பத்துடையது, அவர்கள் வெளியே வர விரும்பவில்லை என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் காலத்துல பிணத்தை யாரு தொட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா தம்பி" என்றார். "உங்க தெருக்காரங்க தொட்டிருக்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் புத்தகத்துல போட்டேன். உங்க பேர் இருந்தாத்தான் நம்ம பக்கம் படிப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க உரல்னு சொன்னப்பதான், நான்தான் தப்பா நெனச்சுட்டேன்னு அழுதேன்."

கல்லில் அந்த வரியை மட்டும் எழுதாமல் விடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஆன்ட்டியிடம் போனில் சொல்லத் தைரியம் இல்லை. நேரில் சொல்லவும் தைரியம் இல்லை. நேரில் போனேன். அவர் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டே கேட்டார். வாக்கு மீறியது, பிறகு மாற்றிச் சொன்னது, கல்லில் அந்த வரியைக் காலியாக விடப்போவது, அவர் பெயரை யாரிடமும் சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் சொன்னதை ஏதோ அவருக்கு நான் செய்த உபகாரம் மாதிரி சொல்லியிருக்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"கேட்டுட்டேன் தம்பி. போயிட்டு வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தமிழ்ப் பள்ளிக்கு வரவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டாராம். சின்ன வகுப்பை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு விழாவில் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினேன். பரிசளிப்புக்கும் நன்றியுரைக்கும் நடுவில் கொடுத்தார்கள். அன்று நான் சொன்னது பொய், என் குடும்பம் ராஜாவின் உடலைத் தொடவில்லை, தொட்டவர்கள் யார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். பிறகு பின்வரிசையில் யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் கைதட்டினார்கள். கீழே இறங்கியபோது ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த நேர்மை யாருக்கு வரும் அண்ணா என்றார். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து, குபெர்டினோவிலிருந்து ஆன்ட்டியின் மகன் கூப்பிட்டான். அதுவரை நான் அவனிடம் பேசியதில்லை. அம்மா எல்லாவற்றையும் தன்னிடம் சொல்லிவிட்டார் என்றான்.

"நாப்பது வயசு எனக்கு, அண்ணா. என்கிட்ட சொல்லாததை அம்மா எப்படி உங்ககிட்ட சொன்னாங்க?"

தெரியவில்லை என்றேன். அவன் கோபமாகப் பேசவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆசிரியரின் போன் நம்பர் வேண்டும் என்றான். அம்மா ஊருக்குப் போக டிக்கெட் போடச் சொல்லியிருப்பதாகவும், தானும் கூடப் போவதாகவும் சொன்னான். கல்லில் ஒரு வரி காலியாக இருக்கிறதாமே, அந்த மூன்று பேரின் பெயரும் அம்மாவுக்குத் தெரியும், எழுதச் சொல்லப்போகிறார் என்றான். நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.

"அப்புறம் இன்னொண்ணு, அண்ணா. நீங்களும் வர்றீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. மார்ச்ல போறோம்."

ஆபீசில் லீவு இல்லை என்று சொன்னேன். மூன்று வாரம் லீவு இருந்தது.