செல் இல்லாத கடிகாரம்

நான் பல் துலக்கி முடிப்பதற்குள் நைனா என் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிடுகிறார். அதன் பக்கவாட்டில் இருக்கும் திருகை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையின் காதைத் திருகுவதுபோல, வலிக்காமல். கிர்ர், கிர்ர். இன்றும் அந்தச் சத்தம் கேட்டு வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சத்தத்தால் மணி அறிந்த வீடு எங்களுடையது. சுவரில் கடிகாரம் கிடையாது. நைனா வேலை செய்த இரும்பாலையின் சங்குதான் எங்கள் தெருவுக்கே கடிகாரம். "சங்கு ஊதிச்சு, இன்னும் இன்னாடி ஜடை பின்னிக்கினு கீற?" என்று அம்மா கத்துவாள். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் அந்தக் கத்தலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று ஏதோ கோளாறு, சங்கு ஊதவில்லை. நான் சாவகாசமாக இட்லி தின்றுகொண்டிருந்தேன். அப்புறம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கதவை மூடுகிற நேரத்தில் உள்ளே போய் விழுந்தேன். நூற்றுக்கு நூறு வாங்கினேன் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

கடிகார ஆசை அன்று பிடித்தது. இன்ஜினியராகி, எங்கள் ஊரான கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபின் அது முற்றிவிட்டது. ஜெர்மனியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு மனிதர் இரண்டு உதவியாளர்களோடு கையாலேயே கடிகாரம் செய்கிறார். முழுதாகக் கோத்து ஓடவிட்டு, மறுபடி பிரித்து, யாரும் பார்க்காத விளிம்பைக்கூட மெருகேற்றி, திரும்பக் கோப்பார். திருகாணிகளைச் சூடுகாட்டி மயில்கழுத்து நீலத்துக்குக் கொண்டுவருவார். பின்பக்கம் கண்ணாடி, உள்ளே ஒரு சின்னச் சக்கரம் மூச்சு விடுவதுபோல முன்னும் பின்னும் ஆடும். நாளெல்லாம் உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறவள் நான், அந்த மெருகைப் பார்த்ததும் கிறங்கிப்போனேன். சொல்லிவைத்து, நெடுநாள் காத்திருந்து வாங்கினேன்.

வந்த வாரமே நின்றுபோனது. சனி, ஞாயிறு அலமாரியில் வைத்துவிட்டுச் சாவி கொடுக்க மறந்திருந்தேன். திங்கள் காலை குளித்துவிட்டு வந்தால் கடிகாரத்தைக் காணோம், நைனாவையும் காணோம்.

"நின்னு போச்சாம். செல் போட்டுக்கினு வரேன்னு புதுவாயல் வாட்ச் கடைக்கு போய்கீறாரு," என்றாள் அம்மா.

ஈரத்தலையோடு ஸ்கூட்டியை விரட்டினேன். வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் பின்மூடியில் கத்தியை வைத்துவிட்டார். ஒரு நெம்பு நெம்பினால் கண்ணாடி தெறித்துவிடும்.

"அண்ணே, வேணாம்!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே திரும்பியது. நைனா பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"கண்ணாடி வழியா பாத்துட்டோம்மா. உள்ள செல்லே இல்ல, புதுசு ஒண்ணு வெக்கத்தான் தொறக்குறாரு. ஜெர்மன்காரன் உன்ன நல்லா ஏமாத்திகீறான்."

"இதுக்கு செல் கெடையாது நைனா. சாவி குடுக்கணும்."

"ஏம்மா, அந்த ஊர்ல இன்னும் கரண்டு வரலியா?" என்றார் டீ மாஸ்டர். கடையே சிரித்தது.

நான் கடிகாரத்தைக் கையில் வாங்கினேன். திருகைத் திருப்பினேன். சக்கரம் சிலிர்த்துக்கொண்டு ஆடத் தொடங்கியது. கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்த கடைக்காரர் நிமிரவே இல்லை. சிரித்தவர்களெல்லாம் டம்ளரோடு வந்து முண்டியடித்தார்கள். நைனா கடிகாரத்தைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"எம் பொண்ணுதுபா. டீய ஊத்திறாதீங்க, தள்ளி நின்னு பாருங்க!"

அன்றிலிருந்து சாவி கொடுக்கும் வேலை அவருடையது. எனக்கு மறதியாம்.

ஆலையில் இப்போது சங்கு இல்லை. முகத்தைக் காட்டினால் நேரம் பதிகிற கருவியை வாசலில் மாட்டிவிட்டார்கள். நைனாவும் ஓய்வு பெற்றுவிட்டார். "சங்கு ஊதிடுச்சா?" என்று தெருவில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போவதில்லை. சாவி கொடுத்து முடித்ததும் நைனா கடிகாரத்தோடு வாசலுக்குப் போய்விடுகிறார்.

"ஏழரை ஆச்சு! ஊட்டுக்குள்ள இன்னும் இன்னா பண்றீங்க? கெளம்புங்க, கெளம்புங்க!"