டயருக்கடியில் இருந்த சாமி

போன வெள்ளிக்கிழமை மருமகள் பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படங்களை எல்லாம் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தில் இருந்த மரக்கட்டையையும் தூக்கினாள். "அதை எடுக்காதே கண்ணு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கட்டையோடு திரும்பினாள். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, கரி ஆயிலும் மஞ்சளும் ஊறிப்போன கருவேலங்கட்டை அது. "இது என்ன சாமிங்க அத்தை?" என்று கேட்டாள். அவளை உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் அண்ணன் கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கைக்கு வாதம் வந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. காசிக்குப் போய்க் கங்கைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். ரயிலில் உட்கார முடியாது. அண்ணன் உக்கடத்தில் ஒரு பழைய டீசல் வேனைப் பிடித்தார். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டார், அடுப்பு மேடை கட்டினார், தண்ணீர் டிரம் வைத்தார், ஓட்டுகிற சீட்டுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கவிட்டார். நங்கை உருண்டு விழாமலிருக்க மில் பெல்ட்டை வெட்டி இடுப்புக்குப் பட்டை செய்தார். "தறியில பாவு பூட்டற மாதிரி என்னையப் பூட்டிப்போட்டாரு பாரு அம்மிணி" என்று நங்கை சிரித்தார். சோமனூரில் தறியைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். நங்கைக்குத் துணையாக நான் கிளம்பினேன்.

வண்டி போட்ட சத்தத்தில் உள்ளே பேசுவது கேட்காது. குலுக்கலுக்கும் குறைவில்லை. "ஏனுங்க, ஒரு குழியும் உடாம எறக்கறீங்களாட்ட இருக்குது!" என்று நங்கை கத்துவார். "நீயி வந்து ஓட்டறயா?" என்பார் அண்ணன். காலைக் குளிரில் செல்ஃப் எடுக்காது. அதனால் பொழுது சாய்ந்தால் எங்கேயாவது இறக்கமாகப் பார்த்து நிறுத்துவார். விடிந்ததும் உருளவிட்டுக் கிளப்புவார். கைப்பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும் என்பதால் முன் டயருக்கு ஒரு கட்டை கொடுத்துவிடுவார்.

நாக்பூர் தாண்டி ஒரு மலைப்பாதையில், அரசமரத்தடியில் நிறுத்தினோம். முந்தின இடத்திலேயே கட்டையை மறந்து வந்திருந்தோம். மங்கின வெளிச்சத்தில் அண்ணன் மரத்தடியில் தடவி, ஒரு கல்லை எடுத்து டயருக்கு அண்டை கொடுத்தார்.

விடிந்ததும், வண்டியை உருளவிடுவதற்காகக் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொண்டுவர எதிரே இருந்த ஓடைக்குப் போனார். நான் குளித்துவிட்டு, தினமும் செய்வதுபோல வண்டிக்குப் பூ வைக்க முன்னால் வந்தேன். டயருக்கடியில் செந்தூரம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். கல் முழுக்கச் செந்தூரம் அப்பியிருந்தது, அதில் இரண்டு கண்மலர். சாமி! ராத்திரி முழுக்க நாங்கள் சாமிமேல் வண்டியை ஏற்றிவிட்டுத் தூங்கியிருக்கிறோம். வேறு ஒன்றும் புத்தியில் ஏறவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அசைத்து அசைத்து இழுத்தேன். வந்துவிட்டது. குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப்போய் மரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

வண்டி அங்கே இல்லை.

சத்தமே இல்லாமல் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு வளைவு, அதற்கப்பால் வெறும் ஆகாசம். உள்ளே நங்கை, பட்டையோடு. நான் கத்தினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணன் குடத்தை எறிந்துவிட்டு ஓடிவந்தார், கதவைப் பிடித்தார், கை நழுவிற்று. ரோடு வேலைக்காக வளைவோரம் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். அந்தக் குவியலில் மூக்கைப் புதைத்து வண்டி நின்றது.

கதவைத் திறந்தால் நங்கை படுத்தபடியே சிரித்தார். "ஏனுங்க, இன்னிக்குத்தான் குலுக்காம ஓட்டியிருக்கறீங்க. ஆனா நிறுத்தத்தான் தெரியல போங்க."

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. "இனிப் பழகிக்கறேன்" என்றார்.

நானும் அண்ணனும் வெளியே வந்து, நங்கை காதில் விழாத தூரத்தில் மணலில் உட்கார்ந்தோம். "சாமி மேல வண்டிய ஏத்திப்போட்டீங்களேண்ணா, அதான் எடுத்தேன்" என்று அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "தெரியாம எடுத்துப்போட்டேன் கண்ணு, தப்புத்தான். ஆனா ராத்திரி முச்சூடும் உன்ற நங்கையத் தாங்கீட்டு இருந்தது அதுதானே. பாரமா இருக்குதுன்னு உன்னையக் கூப்பிட்டுச் சொல்லுச்சா?" என்றார். பிறகு மேலே ஏறிப்போய் அந்தக் கல்லின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அடுத்த ஊரில் ஓர் ஆசாரியிடம் சொல்லிச் செதுக்கி வாங்கியதுதான் இந்தக் கட்டை.

காசி பார்த்துத் திரும்பினோம். நங்கை மேலும் சில வருஷம் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், தன் வீட்டுக்காரர் ஒரே ஒரு நாள் குலுக்காமல் ஓட்டிய கதையைச் சொல்லுவார். அண்ணனும் கூடச் சிரிப்பார். கல்லை எடுத்தது நான்தான் என்பதை மட்டும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் ஒருநாள், நங்கைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்டற சீட்டுல ஆளில்லீன்னு எனக்குத் தெரியாதா அம்மிணி? திரை வெலகித்தான் இருந்துச்சு" என்றார்.

வாருவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "பின்ன ஏனுங்க நங்கையா அப்படிச் சொன்னீங்க?"

"கதவத் தொறந்தப்ப நீ நின்ன நிலையப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. நீதான் உழுந்துபோவியாட்ட இருந்துச்சு."

நங்கையும் அண்ணனும் காலமான பிறகு, அந்த வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்தது இந்தக் கட்டை ஒன்றைத்தான். மருமகளிடம் இதைச் சொல்லி முடித்தேன். அவள் கட்டையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். வைக்கும்போது, அலமாரியே உருண்டுவிடும் என்பதுபோல, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன்.