உவரியிலிருந்து வந்த கார்டு

என் கேமிங் கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டோடு, போட்டி நிறுவனத்தின் பழைய கார்டு ஒன்றையும் சேர்த்து மாட்டினேன். உவரியில் மீன்பிடித் தொழிலோடு பழைய கம்ப்யூட்டர் பாகங்களும் விற்கும் அந்தோணியிடம் வாங்கியது அது. இரண்டாம் நாளே நாற்றம் வந்து, விளையாட்டு பாதியில் நின்றது. "மீன் நாத்தம் பிடிச்ச கார்டைத் தலையில கட்டிட்டான்" என்று எங்கள் கேமிங் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அவரிடம் கார்டு கேட்டிருந்த இருவர் விலகிக்கொண்டார்கள்.

மறுநாள் அந்தோணி தச்சநல்லூரில் என் வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். அவருடைய கார்டு துடைத்து வைத்தது போல் இருந்தது. என்னுடையதில், விசிறிக்கு அடியில் கரப்பான்பூச்சிகள் வெந்து ஒட்டியிருந்தன.

"இது எங்க கடல்ல கிடைக்க மீன் இல்லியே அண்ணாச்சி."

குழுவில் எழுதியதை அழிக்கப் போனேன்.

"அழிக்காதிய. அதுக்குக் கீழ இதைப் படம் எடுத்துப் போடுங்க."

போட்டேன். கரப்பானைப் பார்த்துக் குழுவே முகம் சுளித்தது. எனக்கோ, அதற்கு மேலிருந்த என் வரியைப் படித்தால் இன்றும் குமட்டுகிறது.